ஏழாயிரம்பண்ணை

ஏழாயிரம்பண்ணை, தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை வட்டத்தில் அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். முற்காலத்தில் பாளையமாக விளங்கிய இவ்வூர், இன்று பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களைச் சார்ந்துள்ளது. ஆங்கிலேயர் கால ஆவணங்களில் இதன் பெயர் எலயிரம்பண்ணை எனக் காணப்படுகின்றது.

அமைவிடம்

சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி, சங்கரன்கோவில் ஆகிய நகரங்களுக்கு இடைப்பட்ட கரிசல் நிலப்பகுதியில், தூத்துக்குடி மாவட்ட எல்லைக்கு அருகில் இவ்வூர் உள்ளது. 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்திலும் இருந்த இப்பகுதி, 1985 இல் உருவாக்கப்பட்ட விருதுநகர் (அப்போது காமராசர்) மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது.

வரலாறு

திருநெல்வேலிச் சீமையின் பாளையங்களுள் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. ஆங்கிலேயருக்கு எதிரான 1799 ஆம் ஆண்டுப் போரில் இதன் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனின் பக்கம் நின்றார். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதனையடுத்து பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய ஆறு பாளையங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. கோட்டைகளை இடிக்கவும், படைக்கலங்களை ஒப்படைக்கவும் மேஜர் பானர்மேன் ஆணையிட்டார்.

மக்களும் மொழியும்

2011 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி விருதுநகர் மாவட்டத்தின் மக்கள் தொகை 19,42,288 ஆகும். 1000 ஆண்களுக்கு 1007 பெண்கள் இருந்தனர். 2021 இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிவைக்கப்பட்டது.

மாவட்டத்தின் முதன்மை மொழி தமிழ். அடுத்து தெலுங்கு பேசப்படுகின்றது. விசயநகர, நாயக்கர் காலங்களில் கரிசல் பகுதியில் குடியேறியோரின் வழிவந்தவர்கள் பலர் வீட்டில் தெலுங்கும், வெளியிலும் எழுத்திலும் தமிழும் பயன்படுத்துகின்றனர். எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி போன்ற கிழக்குப் பாளையங்களைத் தெலுங்கு வழியினரும், சிவகிரி, சேத்தூர் போன்ற மேற்குப் பாளையங்களை மறவர்களும் ஆண்டனர்.

பொருளாதாரம்

மழையை நம்பிய மானாவாரி வேளாண்மையே இப்பகுதியின் பழைய தொழில். பருத்தி, மக்காச்சோளம், கம்பு, உளுந்து ஆகியன பயிரிடப்படுகின்றன. குறைந்த மழையும் வறண்ட காற்றும் வேளாண்மைக்குத் தடையாக இருப்பினும், வெடிமருந்தையும் தீக்குச்சியையும் உலர்த்துவதற்கு ஏற்றவை. 1923 இல் சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் படிப்படியாகச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கும் பரவியது. பட்டாசுத் தொழிலும் இவ்வாறே பரவியது. இவற்றில் பெண்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர்.

2018 அக்டோபர் 23 அன்று இந்திய உச்சநீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்து, பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. இத்தீர்ப்பு இப்பகுதித் தொழிலாளரின் வேலை நாட்களைப் பாதித்தது.

விபத்துகள்

2021 பெப்ரவரி 12 அன்று அருகிலுள்ள அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை ஒன்றில் ஏற்பட்ட வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வேதிப்பொருட்களைக் கலக்கும்போதும் மருந்து செலுத்தும்போதும் ஏற்படும் உராய்வு இத்தகைய விபத்துகளுக்கு முதன்மைக் காரணமாகும். ஓர் அறையில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் பணிபுரிவதும், அறைகளுக்கிடையே போதிய இடைவெளி இல்லாததும் உயிரிழப்பை அதிகரிக்கின்றன. மழை பொய்க்கும் ஆண்டுகளில் வேறு வேலை கிடைப்பது அரிதாகையால், இடர் அறிந்தும் மக்கள் இத்தொழிலுக்குச் செல்கின்றனர்.

அருகிலுள்ள தொல்லியல் களம்

வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை அருகேயுள்ள விசயகரிசல்குளத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 இல் அகழாய்வைத் தொடங்கியது. அங்கு கிடைத்த நுண்கற்கருவிகளும் சங்கு வளையல்களும் இப்பகுதியின் தொன்மையைக் காட்டுகின்றன.