ராமாபுரமும் ஒரு சமூகவியலாளரின் நாட்டமும்: எம்.என். சீனிவாஸ் களஆய்வை வந்தடைந்த வரலாறு

இந்தியச் சமூகவியல் படித்தவர்கள் அனைவருக்கும் தெரிந்த ராமாபுரத்தை நிலப்படத்தில் தேடினால் கிடைக்காது. எம்.என். சீனிவாஸ் தம் நூலில் 'ராம்புரா' என்று பெயரிட்டு எழுதிய அந்த ஊர், மைசூர் வட்டாரத்துக் கொடகஹள்ளி. ஊராரின் அந்தரங்கத்தைக் காக்க அவர் வைத்த புனைபெயரே பிறகு ஊரின் புகழ்ப்பெயராயிற்று. 1948-இல் அங்கே அவர் தங்கி ஆய்வு செய்தார். 1976-இல் அந்த ஊரைப் பற்றிய 'தி ரிமெம்பர்டு வில்லேஜ்' வெளிவந்தது. இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள். ஒரு மனிதர் தம்மிடம் ஏற்கெனவே இருந்த திறன் எது என்று கண்டு, அதன் வழியே தம் வாழ்நாள் நாட்டத்தை வந்தடைந்த வரலாறும் அந்த ஆண்டுகளுக்குள் இருக்கிறது. இக்கட்டுரை அந்த வரலாற்றைத் தொடர்ந்து பார்க்கிறது.

இதை ஆராய்வதற்குக் காரணம் உண்டு. தனக்கு எதில் நாட்டம் என்பதை முதலில் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானே அமையும் என்ற எண்ணம் இன்று மாணவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தொழில் வழிகாட்டுதலைத் தொடங்கி வைத்தவர்கள் அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை. 1908-இல் பாஸ்டன் நகரில் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ், ஒருவர் தம் ஆற்றலையும் ஆர்வத்தையும் குறைகளையும் அறிவது, தொழில்களின் தன்மையை அறிவது, இரண்டையும் பொருத்திப் பார்ப்பது என்று மூன்றையும் வேண்டினார். 2018-இல் உளவியலாளர்கள் பால் ஓகீஃப், கேரல் டுவெக், கிரெகரி வால்டன் மூவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது. நாட்டம் என்பது உள்ளே தயாராகக் காத்திருக்கும் ஒன்று என்று நம்புகிறவர்கள், அதைத் தொடரும்போது கடினம் வந்ததும் எளிதில் ஆர்வம் இழக்கிறார்கள். நாட்டம் வளர்வது, வளர்க்கப்படுவது என்று எண்ணுகிறவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது அதன் முடிவு. ஆய்வுக்கூடத்தில் குறுகிய காலத்தில் பார்த்த இதை, சீனிவாஸின் வாழ்க்கையில் அரை நூற்றாண்டு நீளத்தில் பார்க்க முடிகிறது.

மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916 ஜூலையில் தொடங்கியது. சீனிவாஸ் அதே ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதே நகரில் பிறந்தார். ஐயங்கார் குடும்பம். வீடு காலேஜ் ரோட்டில். அந்தத் தெருவில் படித்த பிராமணக் குடும்பங்களே மிகுதி. வீட்டின் பின்புறம் சிறிது தூரத்தில் பண்டிகேரி என்ற பகுதி. அங்கே கிராமங்களிலிருந்து வந்து குடியேறிய குருபர் சாதியினர் வாழ்ந்தார்கள். சிறுவனாக அங்கே நுழைந்தபோது தம் வாழ்வின் முதல் பண்பாட்டு அதிர்ச்சியை அடைந்ததாகப் பிற்காலத்தில் அவர் எழுதினார். உணவு, பேச்சு, உடை, வழிபாடு எல்லாம் வேறு. கடல் கடந்து போகாமல், வீட்டுப் பின்சுவரைத் தாண்டியதுமே வேறொரு உலகம்.

எல்லாச் சிறுவர்களும் இப்படிப்பட்ட தெருக்களைக் கடந்துதான் வளர்கிறார்கள். பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பதைப் புதிதாகப் பார்க்கும் கண்ணும், பார்த்ததைப் பல பத்தாண்டுகள் மனத்தில் வைத்திருக்கும் நினைவும் இவரிடம் இருந்தன. இவ்விரண்டுமே அவருடைய திறன்கள் என்று இன்று சொல்ல முடிகிறது. அன்று அவற்றைத் திறன் என்று மதிப்பெண் போட்டுச் சொல்ல எந்தத் தேர்வும் இல்லை. அவர் படித்த மகாராஜா கல்லூரியில் 1924-லேயே உளவியல் துறை தொடங்கியிருந்தது. லண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மனிடம் பயின்ற எம்.வி. கோபாலசாமி அதன் தலைவர். ஸ்பியர்மன் மரபு மனிதரின் பொது அறிவுத்திறனை அளக்க முயன்றது. பக்கத்து வீட்டுத் திண்ணைப் பேச்சை ஒருவர் எவ்வளவு நுட்பமாகக் காதில் வாங்குகிறார் என்பது அந்த அளவுகோலில் சிக்காது.

கல்லூரியில் அவர் எடுத்தது சமூகத் தத்துவம். பேராசிரியர் ஏ.ஆர். வாடியா வகுத்த அந்தப் படிப்பு மிக விரிவானது. சமூகவியல், மானிடவியல், அரசியல் கோட்பாடு, அறவியல் என்று பலவற்றையும் தொட்டுச் சென்றது. 1936-இல் பட்டம் பெற்ற பின் பம்பாய்க்குப் போய் ஜி.எஸ். குர்யேயிடம் சேர்ந்தார். குர்யே பெரும் நூலறிவாளர். சமஸ்கிருத நூல்களிலிருந்தும் பழைய ஆவணங்களிலிருந்தும் சமூகத்தைப் படிப்பதில் தேர்ந்தவர். அவரிடம் எழுதிய முதுகலை ஆய்வேடு 'மேரேஜ் அண்ட் ஃபேமிலி இன் மைசூர்' என்று 1942-இல் நூலாயிற்று. அடுத்துக் குடகர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு, இரண்டு தொகுதிகளில், 1944-இல் முடிந்தது. உழைப்பில் குறையில்லை. ஆனால் இந்தக் கட்டத்தில் சீனிவாஸ் சேகரிப்பாளராகவே இருக்கிறார் என்பது என் கணிப்பு. செய்திகள் மலைபோலக் குவிகின்றன. அவற்றின் நடுவே அவருடைய கண் இன்னும் திறக்கவில்லை. தம் குடகுக் களப்பணி போதுமானதாக இல்லை என்ற குறை அவருக்கே பிற்காலத்தில் இருந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு முன்பே நடந்த ஒரு முயற்சியை இங்கே ஒப்பிட வேண்டும். 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களை விடுமுறையில் கிராமங்களுக்கு அனுப்பி, வினாப்பட்டியலைக் கொண்டு ஆராயச் சொன்னார். 1918-இல் 'சம் சவுத் இந்தியன் வில்லேஜஸ்' வெளிவந்தது. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, ராமநாதபுரம் மாவட்ட வடமலைபுரம், திருநெல்வேலி கங்கைகொண்டான், தஞ்சைப் பாலக்குறிச்சி, வடஆர்க்காட்டுத் தூசி ஆகிய ஊர்கள் அதனால் ஆய்வுலகில் இடம்பெற்றன. பின்னாளில் மறுபடி மறுபடி ஆராயப்பட்டன. மாணவர்களுக்கு ஊர் தெரியும் என்ற பலத்தை ஸ்லேட்டர் சரியாகவே கண்டுகொண்டார். ஆனால் கேட்டது நிலம், விளைச்சல், கூலி, கடன் போன்ற எண்ணத்தக்கவற்றை. ஊர்க்காரனுக்கு மட்டும் தெரிந்த மற்றவை, யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் பேச்சு பஞ்சாயத்தில் எடுபடும் என்பன, வினாப்பட்டியலில் இடம்பெறவில்லை.

1945-இல் சீனிவாஸ் ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். அங்கே மானிடவியல் பேராசிரியர் ராட்கிளிஃப்-பிரௌன் ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார். அடுத்து வந்தவர் எவான்ஸ்-பிரிச்சார்ட். குடகுச் செய்திகளையே மறுபடி எடுத்து, ஒவ்வொரு சடங்கும் சமூகத்தின் ஒழுங்கைக் காப்பதில் என்ன வேலை செய்கிறது என்ற கேள்வியுடன் படிக்கக் கற்றுக்கொண்டார். 1947-இல் பட்டம், 1952-இல் நூல். அதில் அவர் விரித்துக் காட்டிய 'சமஸ்கிருதமயமாதல்', அதாவது கீழ்நிலைச் சாதிகள் மேல்சாதி வழக்கங்களை மேற்கொண்டு உயர முயல்வது, என்ற கருத்து அவருக்கு உலகப் பெயர் தந்தது. குர்யேயிடம் குவித்த செய்தி, ஆக்ஸ்ஃபோர்டு தந்த கேள்வி இரண்டும் சேர்ந்து ஒரு நூல். என்றாலும் அது நாட்டத்தைக் கண்டடைந்தவரின் நூல் அல்ல, தேர்ந்த மாணவரின் நூல்.

திருப்பம் வேலை வடிவில் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் இந்தியச் சமூகவியலுக்கு விரிவுரையாளராக நியமனம் பெற்றபோது, முதல் ஆண்டைக் களத்தில் செலவிட இசைவு கிடைத்தது. அவர் மைசூருக்கே திரும்பினார். அக்கால மானிடவியலின் வழக்கத்துக்கு இது எதிர்த்திசை. டிரோபிரியாண்டு தீவுகளில் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி செய்ததுபோல், தொலைதூர மக்களிடம் அந்நியராகப் போய் வாழ்ந்து கற்பதே அன்று இலக்கணம். சொந்த மக்களை ஆராய்பவரின் கண் நெருக்கத்தால் மங்கிவிடும் என்ற ஐயம் வலுவாக இருந்தது. அந்த நெருக்கத்தையே சீனிவாஸ் கருவியாக எடுத்தார். ராமாபுரத்தைத் தேர்ந்ததில் பல சாதியினர் வாழும் நெல் விளையும் ஊர் என்பது போன்ற ஆய்வுக் காரணங்கள் இருந்தன. மனம் அந்த ஊரில் ஒட்டியதும் ஒரு காரணம் என்பதை அவர் மறைக்கவில்லை. அவருடைய முன்னோரும் காவிரிப் படுகைக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்தவர்களே.

ஏறத்தாழ 1,500 பேர் வாழ்ந்த அந்த ஊரில், ஊர்த் தலைவருக்குச் சொந்தமான மாட்டுக் கொட்டில் வீட்டில் அவர் குடியிருந்தார். மாடுகளும் ஆட்களும் வந்துபோகும் இடம். தனிமை என்பதே கிடையாது. ஆனால் ஊர்ச் செய்தி எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் நடக்கும். அவர் கொண்டுபோன கேமரா படமெடுத்துக்கொள்ள விரும்பிய பலரை அவரிடம் இழுத்து வந்தது. ஊரார் அவரைப் பிராமணராகவே நடத்தினார்கள். குளியல், உணவு, ஆசாரம் ஆகியவற்றில் ஒரு பிராமணர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் அவரைவிட அவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். படித்த நகரத்தவர் ஒருவருக்கு உழவர்கள் ஆசாரம் சொல்லிக் கொடுத்தது, சாதி எங்கே இருக்கிறது என்பதை எந்த நூலையும்விடத் தெளிவாக அவருக்குக் காட்டியது. 'நூல்வழிப் பார்வை', 'களவழிப் பார்வை' என்று அவர் பிற்காலத்தில் பிரித்துப் பேசியதன் வேர் இங்கே இருக்கிறது. தர்மசாத்திரத்தின் நான்கு வருணம் நிலையானது. ராமாபுரத்தின் சாதிகளோ தமக்குள் யார் மேல், யார் கீழ் என்று ஓயாமல் வாதாடிக்கொண்டிருந்தன.

அந்த ஊரில் அதிகாரம் பிராமணரிடம் இல்லை. எண்ணிக்கையும் நிலமும் கொண்ட உழவர் சாதியான ஒக்கலிகர்களிடம் இருந்தது. சடங்கில் உயர்ந்தவர் வேறு, ஊரை ஆள்பவர் வேறு என்ற இந்தக் காட்சியிலிருந்து பிறந்ததே 'ஆதிக்க சாதி' என்ற கருத்து. 1955-இல் வெளியான அவருடைய மைசூர்க் கிராமக் கட்டுரையில் வந்த 'ஓட்டு வங்கி' என்ற சொல், இன்று தேநீர்க் கடை வரைக்கும் வந்துவிட்டது. இவற்றை அவர் கோட்பாட்டு ஆர்வத்தால் தேடிப்போய்க் கண்டவராகத் தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்து, வந்தவர் போனவரைக் கவனித்து, அவர்கள் பேசியதை நினைவில் வைத்தார். கருத்து அதிலிருந்து எழுந்தது. பிறகுதான் கிராம ஆய்வு அவருடைய வாழ்நாள் ஈடுபாடாயிற்று. 1951-இல் பரோடாவிலும் 1959-இல் டெல்லியிலும் அவர் சமூகவியல் துறைகளை நிறுவியபோது, மாணவர்களைக் களத்துக்கு அனுப்புவதைத் துறையின் அடிப்படையாக்கினார். திறனுக்கு ஓர் இடம் கிடைத்தது, அந்த இடத்தில் வேலை நடந்தது, வேலையிலிருந்து நாட்டம் பிறந்தது. வரிசை இதுதான்.

1970 ஏப்ரல் 24-இல் அந்த நாட்டத்துக்குக் கொடிய சோதனை வந்தது. சீனிவாஸ் அப்போது ஸ்டான்ஃபோர்டில் உள்ள உயர் ஆய்வு மையத்தில், ராமாபுரம் நூலை எழுத அமர்ந்திருந்தார். வியட்நாம் போர்க் காலத்துக் கொந்தளிப்பில் அந்த மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். பல ஆண்டுகளாக வகைப்படுத்தி எழுதிவைத்த களக்குறிப்புகளின் மூன்று படிகளும் அவர் அறையில்தான் இருந்தன. மூன்றும் நெருப்பில் சிக்கின. ஆறுதல் சொல்ல வந்த மானிடவியலாளர் சோல் டாக்ஸ், நினைவிலிருந்தே எழுதிப் பாருங்கள் என்றார்.

அப்படி எழுதியதுதான் நூல். அதன் உள்ளடக்கமே நமக்குச் சான்று. அட்டவணைகள் குறைவு. 'மூன்று முக்கிய மனிதர்கள்' என்று ஓர் அத்தியாயம்: ஊர்த் தலைவர், குள்ளே கௌடர், நாடு கௌடர் மூவரும் நாவலின் பாத்திரங்கள்போல எழுந்து நிற்கிறார்கள். 'சமூக உறவுகளின் தன்மை' என்ற இன்னோர் அத்தியாயத்தில் கொடுக்கல் வாங்கல், பொறாமை, மானம், நட்பு, பகை, வம்புப் பேச்சு, கேலி ஆகியவை ஆய்வுப்பொருள். குறிப்பு அட்டைகளில் தலைப்பிட்டு அடுக்கும் பழக்கத்தில் இவற்றுக்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. தீ ஒரு வரம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அந்த இழப்பை அவமதிப்பதாகும். ஆனால் வகைப்படுத்திய குறிப்புகள் போன நிலையில் அவர் சாய்ந்தது தம் ஆதித் திறன்மேல். பண்டிகேரியைப் பல பத்தாண்டுகள் சுமந்த அதே நினைவு, இருபதாண்டு பழைய ராமாபுரத்தையும் தாங்கியது.

எந்தத் திறனும் ஒருவர் நிற்கும் இடத்திலிருந்தே வேலை செய்கிறது. ஊர்த் தலைவரின் வாசலில் இருந்தவருக்கு மேல்சாதி வீடுகள் திறந்தன. தலித்துகளின் தெரு திறக்கவில்லை. சூத்திரராகப் பிறந்திருந்தால் சீனிவாஸின் பார்வை வேறாக இருந்திருக்குமா என்று மானிடவியலாளர் எட்மண்ட் லீச் கேட்டார். கேள்வியை சீனிவாஸ் ஒதுக்கவில்லை. தம் கட்டுரையிலேயே எடுத்து விவாதித்தார். ராமாபுரத்தை உயர்சாதி இந்துவின் கோணத்தில் பார்த்ததை நூலிலும் ஒப்புக்கொண்டார். 1978-இல் 'காண்ட்ரிபியூஷன்ஸ் டு இண்டியன் சோஷியாலஜி' ஆய்விதழ் இந்நூலுக்காகவே ஒரு விவாத அரங்கை நடத்தியது. நெருக்கத்தை முறையாகக் கொண்ட ஆய்வில், யாரோடு நெருக்கம் என்பது முறையின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. உன் பலத்தைக் கண்டுகொள் என்று இளைஞரிடம் சொல்கிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதே இல்லை. பலம் காட்டித் தரும் வாசல் ஒன்று; அதே பலம் அடைத்து வைக்கும் வாசலும் ஒன்று உண்டு.

அவருடைய மாணவர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62-இல் தஞ்சைக் கிராமம் ஒன்றை ஆராய்ந்து, அதற்கும் 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயர் வைத்து, 1965-இல் 'காஸ்ட், கிளாஸ் அண்ட் பவர்' நூலை எழுதினார். அக்கிரகாரத்தில் தங்கிய அவருக்கும் சேரிக்குள் போவது எளிதாக இருக்கவில்லை.

அடைபட்ட வாசலைத் திறந்தவர்கள் அந்தத் தெருவில் பிறந்தவர்களே. சீனிவாஸ் ராமாபுரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அதே 1948-இல், அதே மைசூர் மாவட்டத்தில், நஞ்சன்கூடு வட்டத்துத் தேவனூரில் தலித் குடும்பம் ஒன்றில் பிறந்தார் தேவனூர மகாதேவ. அவரிடம் இருந்ததும் சொந்த ஊரின் பேச்சைக் கேட்ட காதுதான். 1990-இல் சாகித்ய அகாடெமி விருது பெற்ற அவருடைய 'குசுமபாலெ' நாவல், அந்த வட்டாரத்துத் தலித் மக்களின் கன்னடத்திலேயே எழுதப்பட்டது.