பாடம் செய்யப்பட்ட பறவையும் இடக்குறிப்பும்: மதுரைச் சமவெளியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வேட்டையாடப்பட்ட பறவையைப் பாடம் செய்து வீட்டில் காட்சிக்கு வைக்கும் வழக்கம் பெரும்பாலும் வேட்டைப் பெருமையின் வரலாறாகவே பேசப்படுகிறது. அத்தகைய பறவை ஒரு வரலாற்றுச் சான்றாகவும் அமையக்கூடும் என்பதையும், பறவை பெறப்பட்ட இடமும் நாளும் பதியப்படாமையால் அச்சான்று இழக்கப்படுகிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

முன்னுரை

மதுரைக்கு வடமேற்கே வைகைப் படுகையில் அமைந்துள்ள சமயநல்லூரும் அதன் சுற்றுப்புறமும் கண்மாய்ப் பாசனம் சார்ந்த சமவெளியாகும். நீர்நிலைகளில் கிளுவையும் உள்ளானும், புன்செய்க் காடுகளில் காடையும் கௌதாரியும் வாழும் நிலம் இது. இத்தகைய நிலங்களில் வேட்டையாடப்பட்ட பறவைகளுள் பெரும்பாலானவை உணவாயின. பாடம் செய்யப்பட்ட மிகச் சிலவற்றுள்ளும் ஒரு பகுதி அருங்காட்சியகத்தையும் மற்றொரு பகுதி வீட்டுக் கூடத்தையும் அடைந்தது. இவ்விரு வழிகளின் வேறுபாடே இங்கு ஆராயப்படுகிறது.

ஒரே கைவினை, இரு நோக்கங்கள்

பறவையின் வயிற்றுப்புறத்தைக் கீறித் தோலை இறகுகளுடன் உரித்தெடுப்பர். மண்டையோடும் சிறகு, கால் எலும்புகளும் தோலுடன் விடப்படும். கொழுப்பைச் சுரண்டி நீக்கியபின் உட்புறத்தில் ஆர்சனிக் கலந்த சோப்புப் பூசப்படும். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருந்தாளர் பெக்கூர் உருவாக்கிய இக்கலவையே பூச்சிகளிடமிருந்து இறகுகளைக் காத்தது. பழைய பாடப்பறவைகளை இன்றும் வெறுங்கையால் தொடலாகாது என்பதற்கும் அதுவே காரணம்.

இதுவரை இரண்டிற்கும் செய்முறை ஒன்றே. இதன்பின் வீட்டுப் பறவைக்குக் கம்பியும் வைக்கோலும் கொண்டு உடல் அமைத்து, கண்ணாடி விழி பொருத்தி, நிறம் மங்கிய அலகிற்கும் காலுக்கும் வண்ணம் தீட்டி, மரப்பீடத்தில் நிறுத்துவர். அருங்காட்சியகத்தின் ஆய்வுத்தோலோ கண்குழியில் பஞ்சு வைக்கப்பட்டு, இழுப்பறையில் மல்லாக்கக் கிடத்தப்படும். அதன் காலில் இடம், நாள், பால், சேகரித்தவர் பெயர் ஆகியன எழுதிய சீட்டுக் கட்டப்படும். முன்னது உயிருள்ளது போன்ற தோற்றத்தைப் பெற்றது. பின்னது சான்றின் தகுதியைப் பெற்றது.

இடக்குறிப்பின் மதிப்பு

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1885இல் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு முட்டைகள் உட்பட ஏறத்தாழ 82,000 மாதிரிகளை வழங்கினார். அத்தொகுப்பு இன்றும் ஆய்வுக்குப் பயன்படுவதற்கு அதன் அளவோடு சீட்டுக் குறிப்புகளும் காரணமாகும். 1908இல் தாம் சுட்ட குருவியை அடையாளம் காணப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சென்ற சிறுவன் சாலிம் அலிக்கு, மில்லார்டு காட்டியதும் பாடம் செய்யப்பட்ட பறவைகளின் தொகுப்பே. ஒருவரின் வேட்டைப்பொருள் பலரின் அறிவாக மாறும் இடம் இத்தகைய தொகுப்பு எனலாம்.

மதுரைப் பகுதிக்கு அண்மையில் செண்பகனூரில் இயேசு சபையினரின் அருங்காட்சியகம் பாடம் செய்யப்பட்ட உயிரினங்களைப் பேணி வருகிறது. கொடைக்கானல் மலை 1985இல் திண்டுக்கல் மாவட்டம் உருவாகும்வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மலைப்பகுதிக்கு இத்தகைய நிறுவனம் வாய்த்தது; சமவெளி வீடுகளின் பறவைகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. இதனால் நேரும் இழப்பிற்குக் கானமயில் தக்க எடுத்துக்காட்டாகும். தமிழகத்தில் இன்று காணப்படாத அப்பறவையின் பாடப்படிவம் ஏதேனும் ஒரு வீட்டில் இடக்குறிப்புடன் கிடைக்குமாயின், அது அவ்வூரின் மேய்ச்சல் நிலம் முன்பு எவ்வாறு இருந்தது என்பதற்குச் சான்றாகும். குறிப்பு இல்லையெனில் அது அலங்காரப் பொருள் மட்டுமே.

சட்டம் கேட்ட கேள்வி

1972ஆம் ஆண்டின் வனவுயிர் (பாதுகாப்புச்) சட்டம் வேட்டைக்கோப்பைகளை அரசின் கணக்கிற்குள் கொணர்ந்தது. அதன் 40ஆம் பிரிவு, மிகுபாதுகாப்புக்குரிய உயிரினங்களின் பாடப்பொருள்களை வைத்திருப்போர் 30 நாளுக்குள் அவற்றின் எண்ணிக்கை, விவரம், வைக்கப்பட்டுள்ள இடம் ஆகியவற்றை அறிவிக்க வேண்டும் என்றது. 2003ஆம் ஆண்டின் விதிகள் மேலும் 180 நாள் அளித்தன. 2022ஆம் ஆண்டின் திருத்தம், உரிமைச்சான்று பெற்றோர் தாமாகவே இழப்பீடின்றி அவற்றை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்தது.

பிரிவு கேட்டது பொருள் வைக்கப்பட்டுள்ள இடத்தை. பறவை சுடப்பட்ட இடத்தையன்று. உடைமையை ஒழுங்குபடுத்தும் சட்டத்திற்கு முதற்கேள்வி போதுமானது. வரலாற்றாய்வாளருக்கோ இரண்டாம் கேள்வியே முதன்மையானது. மேலும் காடை, கௌதாரி, வாத்தினங்கள் போன்றவை நான்காம் அட்டவணையில் வைக்கப்பட்டமையால் அவ்வறிவிப்பிற்கே உட்படவில்லை. எனவே சமவெளியில் மிகுதியாக வேட்டையாடப்பட்ட பறவைகளே ஆவணத்தில் மிகக் குறைவாக இடம்பெறும் நிலை உருவாயிற்று.

முடிவுரை

வேட்டையைத் தடுத்த சட்டத்தின் நோக்கம் ஐயத்திற்கு இடமற்றது. அந்நோக்கத்திற்கு ஊறின்றியே, ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு பாடப்பறவையோடும் அதனைப் பெற்ற ஊர், ஆண்டு, சூழல் பற்றிய குடும்பத்தாரின் வாய்மொழியைப் பதிவு செய்யலாம். இப்பணியை வனத்துறையுடன் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் இணைந்து மேற்கொள்ள இயலும். சுட்டவரை அறிந்த முதியோர் மறையும்போது, சீட்டு இல்லாத பறவைக்கு எஞ்சியுள்ள ஒரே சான்றும் மறைந்துவிடும். ஆதலின் இப்பதிவு காலந்தாழ்த்தாது தொடங்கப்படுதல் வேண்டும்.