ஃபுகாசியின் ‘தி ஆர்கியுமென்ட்’: வீட்டைக் காலி செய்விக்கும் காலையில் தொடங்கும் இசைத்தொகுப்பு

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1987-இல் மேடையேறத் தொடங்கிய ராக் இசைக்குழு ஃபுகாசி. அதன் ஆறாவது முழுநீள ஸ்டுடியோ தொகுப்பான ‘தி ஆர்கியுமென்ட்’, டிஸ்கார்ட் நிறுவனத்தின் வழியே 2001 அக்டோபரில் வெளிவந்தது. 2002 நவம்பரில் லண்டனில் இசைத்த பின்னர், குடும்பப் பொறுப்புகளின் பொருட்டு, குழு காலவரையற்ற ஓய்வில் சென்றது. கலைந்துவிட்டதாக அவர்கள் அறிவிக்கவில்லை. அடுத்த தொகுப்பும் வரவில்லை.

இயன் மெக்கேயும் கை பிச்சியோட்டோவும் பாடி, கிதார் வாசித்தனர். பேஸ் ஜோ லாலி. டிரம்ஸ் பிரெண்டன் கேன்டி. முந்தைய தொகுப்புகளைவிட இதில் ஒலி அடர்த்தியானது: இரண்டாவது டிரம்ஸ் கலைஞராக ஜெர்ரி புஷர் சேர்கிறார், செல்லோ ஒலிக்கிறது, பெண் குரல்கள் பின்னணியில் எழுகின்றன.

நம்மை முதலில் நிறுத்துவது ‘கேஷ்அவுட்’ என்னும் பாடல். வீட்டு உரிமையாளரின் விருப்பம் நிறைவேற்றப்படுகிறது. ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்கள் நடைபாதைக்கு வருகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அதற்கு உடந்தை. ‘வளர்ச்சி’ என்ற சொல்லே அங்கு ஓர் ஆள்போல் நடமாடி, தான் கேட்டதைப் பெற்றுக்கொள்கிறது. வெளியேற்ற ஆணைகளைப் படித்துப் பழகிய நமக்கு இந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டனில் கறுப்பின மக்கள் 71 விழுக்காடு. 2010-இல் ஏறத்தாழ 51. இடம்பெயர்க்கப்பட்டவர் யார் என்பது இந்த எண்களில் இருக்கிறது, பாடலில் இல்லை. வெள்ளையின இளைஞர்களின் குழு தன் நகரின் அநீதியைக் கண்டது, அதன் நிறத்தைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. இதைக் குறையாகவே நாம் கருதுகிறோம். அதனால் பாடலின் நேர்மை பொய்த்துவிடாது.

ஏனெனில் அவர்களது அரசியல் பாடல் வரிகளோடு நிற்கவில்லை. நுழைவுக் கட்டணத்தைப் பெரும்பாலும் 5 டாலராகவே வைத்தனர். எல்லா வயதினருக்கும் அரங்கைத் திறந்தனர். குழுவின் பெயர் அச்சிட்ட சட்டைகளை விற்கவில்லை. சொந்த ஊர் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பொதுக் காரியங்களுக்கு நிதி திரட்டுவதற்கானவை. வளைகுடாப் போர் தொடங்கவிருந்த 1991 ஜனவரியில் வெள்ளை மாளிகைக்கு எதிரேயுள்ள பூங்காவில் நின்று இசைத்தனர். மெக்கே இணைந்து நிறுவிய டிஸ்கார்ட், கலைஞர்களோடு எழுத்து ஒப்பந்தமே செய்துகொள்வதில்லை, வாய்ச்சொல்லே போதும். இது வழக்கறிஞர்களாகிய நமக்குச் சற்றுக் கலக்கம் தருவதுதான்! வலியவனும் எளியவனும் கைகுலுக்கும் இடத்தில் எழுத்தே எளியவனின் காவல் என்பது நம் அனுபவம். டிஸ்கார்டில் உரிமையாளரே சக இசைஞராகவும் இருந்ததால் அந்த முறை நிலைத்தது; எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

தலைப்புப் பாடல் இறுதியில் வருகிறது. குண்டுவீச்சுக்கு அறநியாயம் கற்பிப்போரோடு உடன்பட மறுக்கும் பாடல் அது. 2001-இன் முதல் மாதங்களிலேயே பதிவாகிவிட்டது. ஆனால் தொகுப்பு கடைக்கு வந்தபோது செப்டம்பர் 11 தாக்குதல் நிகழ்ந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. ஆப்கானிஸ்தான்மீது குண்டுகள் விழத் தொடங்கியிருந்தன. கேட்டவர்கள் அதை அன்றைய செய்திக்கு எழுதிய பாடலாகவே கேட்டனர்.

ஓய்வுக் காலத்திலும் அவர்கள் முற்றிலும் ஒதுங்கிவிடவில்லை. தம் நேரடி நிகழ்ச்சிகளில் பதிவான 800-க்கும் மேற்பட்டவற்றை 2011 முதல் இணையத்தில் ஒவ்வொன்றாக வெளியிட்டனர். ஒரு நிகழ்ச்சிக்கு அவர்கள் பரிந்துரைத்த விலை 5 டாலர். 1 முதல் 100 டாலர் வரை கேட்பவரே முடிவுசெய்து கொள்ளலாம்.