முந்தல் களப்பின் மூச்சுவழி

மீன்பிடி என்பது வலையை மட்டும் பொறுத்த தொழில் அன்று. நீர் வந்து போகும் வழி திறந்திருக்க வேண்டும். அந்த வழியை எவர் திறந்து வைப்பது, எவ்வாறு திறந்து வைப்பது, அதனால் பிறர்க்குத் தீங்கு நேராதிருக்க என்ன செய்வது என்ற கேள்விகள் உலகெங்கும் ஒன்றே.

கனடாவில் வாழும் வாசகர்கள் இதனைப் பனிக்காலத்தில் கண்டிருப்பர். டொரன்டோவுக்கு வடக்கேயுள்ள சிம்கோ ஏரி உறைந்ததும், பனிக்கட்டியைத் துளைத்துத் தூண்டில் இறக்குவோர் பலர். துளை சிறிது நேரத்தில் மீண்டும் உறையத் தொடங்கும். உப்பையோ உறைதடுப்பு இரசாயனத்தையோ கொட்டினால் துளை திறந்திருக்கும். ஆனால் கொட்டியது மீன் வாழும் நீரிலேயே கலக்கும். ஆகவே பொறுப்புள்ளவர்கள் துளையை வெப்பங்காக்கும் மூடியால் மூடுகிறார்கள். படரும் பனியை அரிகரண்டியால் அவ்வப்போது அள்ளி எறிகிறார்கள். இது இடைவிடாத வேலை. ஆயினும் ஏரிக்குத் தீங்கில்லை.

இலங்கையின் வடமேற்குக் கரையில் பனி இல்லை. அங்கே வழியை அடைப்பது மணலும் சேறும். சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள முந்தல், தன் பெயரையே கொண்ட களப்பின் கரையில் அமைந்த ஊர். களப்புக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணல்நிலம் கிடக்கிறது. அம்மணல்நிலத்தில்தான், கரைவலைக்கும் அம்பாப் பாடலுக்கும் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கும் பெயர்பெற்ற தமிழ்க் கிராமமான உடப்பு இருக்கிறது. கடல் இவ்வளவு அருகில் இருந்தும் முந்தல் களப்புக்கு நிலையான நேர் முகத்துவாரம் இல்லை. வடக்கே ஒடுங்கிய நீர்வழியொன்று அதனைப் புத்தளம் களப்புடன் இணைக்கிறது. அதன் வழியாகவே கடல்நீர் எட்ட வேண்டும். இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கின் உயரம் ஒரு மீற்றரையும் எட்டாது. அந்தச் சிறு அசைவும் முந்தலை அடையுமுன் பெரிதும் தளர்ந்துவிடுகிறது. இதனால் வெயில் காலத்தில் களப்பில் உப்பு ஏறுகிறது. மாரியில் வெள்ளம் வடிய வழியின்றித் தேங்குகிறது.

இந்த நீர்வழியின் வரலாறு ஒல்லாந்தர் காலத்தோடு பிணைந்தது. கண்டி இராச்சியத்தின் வெளிவணிகத்துக்குப் புத்தளமும் கற்பிட்டியும் வாயில்களாக இருந்தன. புத்தளத்து உப்பு மலைநாட்டுக்குச் சென்றது. அந்த வாயிலைத் தம் கைக்குள் வைத்திருக்க விரும்பிய ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கற்பிட்டியில் கோட்டை கட்டினர். 18ஆம் நூற்றாண்டில் களப்புகளை வெட்டுவாய்க்கால்களால் ஒன்றோடொன்று இணைத்து, நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் வரை உள்நாட்டு நீர்ப்பாதையொன்றை அமைத்தனர். கறுவாவும் பிற சரக்குகளும் கடலின் சீற்றத்துக்கு அஞ்சாது வள்ளங்களில் செல்வதே அதன் நோக்கம். அது வள்ளத்துக்காக வெட்டிய வழி. களப்பின் நலத்துக்காக வெட்டியதன்று. 1926இல் புகைவண்டிப் பாதை புத்தளத்தை எட்டியபோது வள்ளங்களின் காலமும் முடியலாயிற்று. வாய்க்கால் மட்டும் எஞ்சியது.

வழியைத் திறப்பது எப்போதும் நன்மையே தரும் என்றும் எண்ணிவிடக் கூடாது. நீர்கொழும்புக்குத் தெற்கேயுள்ள முத்துராஜவெல ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம். கோட்டை அரசர் காலத்தில் வெட்டிய வாய்க்கால் வழியே உவர்நீர் ஏறி வயல்கள் பாழாயின என்பது வரலாறு. அந்த உப்புநீரை வெளியேற்றும் நோக்குடன் ஆங்கிலேயர் 1802க்கும் 1804க்கும் இடையில் ஹமில்டன் கால்வாயை வெட்டினர். வயல்கள் மீளவில்லை. நீர் வெளியே போகும் வழிதான் உள்ளே வரும் வழியும் என்பதை அந்நிலம் கற்பித்தது.

புத்தளம் மாவட்டம் அந்தப் பாடத்தை இறாலிடம் கற்றது. 1980களின் தொடக்கத்தில் இக்கரையில் வணிக இறால் வளர்ப்பு வேரூன்றியது. கண்டல் காடுகளும் சதுப்பு நிலங்களும் குளங்களாயின. பண்ணைகளுக்கு உவர்நீர் வேண்டும். பக்கத்திலேயே ஒல்லாந்தர் வாய்க்கால் இருந்தது. பண்ணைகள் அதிலிருந்து நீரை இறைத்தன. உணவு எச்சமும் கழிவும் கலந்த நீரையும் அதிலேயே விட்டன. ஒருவர் வெளியேற்றியதை அடுத்தவர் உள்ளே எடுத்தார். கடலோடு தாராளமாகக் கலக்கும் நீராயின் இதனை ஓரளவு தாங்கியிருக்கும். மெல்ல அசையும் நீருக்கு அந்த வலிமை இல்லை. 1980களின் இறுதியில் ஒருமுறை நோய் தாக்கியது. 1996இல் ஆசியா முழுவதும் பரவிக்கொண்டிருந்த வெண்புள்ளி நோய் இங்கும் வந்து, குளம் குளமாக இறாலை அழித்தது. கைவிடப்பட்ட குளங்கள் பல மீண்டும் காடாகவும் இல்லை, வயலாகவும் இல்லை. பண்ணை எதுவும் இல்லாத, களப்பில் வலை வீசி மட்டும் பிழைத்த குடும்பங்களும் இந்த இழப்பில் பங்குகொண்டன. இலாபத்தில் அவர்களுக்குப் பங்கு இருந்ததில்லை.

அதே 1996ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடுத்தவர் தஞ்சைக் கரையோர உழவர்களுக்காகப் போராடிய காந்தியவாதி எஸ். ஜகந்நாதன். 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பண்ணைகளுக்கு மீண்டும் இடமளித்தது. இலங்கை வேறு வழியில் சென்றது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபை, பண்ணைகளை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எப்போது குஞ்சு விடலாம் என்று வகுக்கும் பயிர்க்கால அட்டவணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே நீரை இறைக்கவும் கழிக்கவும் கூடாது என்பதே அதன் உட்பொருள்.

இது நம் கரைகளுக்குப் புதிய சிந்தனை அன்று. நீர்கொழும்புக் களப்பின் வாயில் முளை நட்டு வலை கட்டும் மீனவர்கள், எவருக்கு எந்த நாள், எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கின்றனர். ஒல்லாந்தர் 1613இல் கோட்டை எழுப்பிய பழவேற்காட்டிலும் 'பாடு' என்ற பெயரில் அத்தகைய முறை வழங்குகிறது. அந்த ஏரியின் முகத்துவாரமும் மணலால் அடைபடுவது. மீனவரே கூடி வெட்டித் திறந்ததும் உண்டு. நீர்வழி பொதுவென்றால் அதனைப் பயன்படுத்துவதற்கு முறையும் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

வெட்டுவதே தேவைப்படும் இடங்களும் உள்ளன. ஒடிசாவின் சிலிகா ஏரியில் மணல் சேர்ந்து உப்புத்தன்மை குறைந்து மீன்வளம் வீழ்ந்தபோது, நீரோட்டத்தை ஆய்ந்து இடம் தெரிந்து, 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் புதிய முகத்துவாரம் திறந்தனர். ஆண்டுக்கு 2,000 டன்னுக்கும் குறைந்திருந்த மீன்பிடி ஓரிரு ஆண்டுகளில் பன்மடங்காயிற்று. ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களின் பட்டியலில் 1993இல் சேர்ந்த சிலிகா, 2002இல் அதிலிருந்து நீங்கியது. அங்கே அளந்து பார்த்த பின்னரே வெட்டினார்கள். வெட்டிய பின்னரும் அளப்பதை விடவில்லை.

முந்தலில் ஒவ்வொரு பெருமழைக்கும் வெள்ளம் வீடுகளைச் சூழும்போது, மணலை வெட்டிக் கடலுக்கு வழிவிடுவதே விடையாகத் தோன்றும். வெள்ளத்தில் நிற்பவருக்கு அது நியாயமான ஆசை. ஆனால் வெட்டிய வாய் மீண்டும் மூடும். திறந்திருந்தால் கிணற்றுநீரில் உப்பு ஏறும் ஆபத்தும் உண்டு. அதற்கு முன்னரே செய்யத்தக்கவை உள்ளன. ஒல்லாந்தர் வாய்க்காலைத் தூர்வார வேண்டும். தோண்டிய சேற்றைக் கண்டலின் வேரில் கொட்டாதிருக்க வேண்டும். கழிவுநீரைத் தேக்கித் தெளியவிட்டே வெளியேற்ற வேண்டும். கைவிட்ட குளங்களுக்கு மீண்டும் நீரோட்டம் கொடுத்தால்தான் கண்டல் தழைக்கும். பண்ணைக்காரருக்குள்ள அட்டவணையைப் போல, களப்பு மீனவர்க்கும் நீரைப்பற்றி முடிவெடுக்கும் இடத்தில் ஓர் இருக்கை வேண்டும். வாய்க்கால் அடைபட்டால் முதலில் வெறுங்கையோடு திரும்புபவர் அவரே. தூர்வார எந்தப் பருவம் ஏற்றது, மீன்குஞ்சு எவ்வழியே ஏறும் என்பதை அறிந்தவரும் அவரே.