மூன்றாவதும் பெண்பிள்ளை: குற்றம் யாருடையது?



அண்மையில் ஒரு பிள்ளை பெத்த வீட்டுக்குப் போயிருந்தேன். எந்த வீடு என்று தேட வேண்டாம். எங்கட குறிஞ்சிப்பிட்டியில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இருக்கிற வீடுதான். மூன்றாவதும் பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வீட்டில் மையித்து வீட்டு அமைதி.

"இவட வயித்துல ஆம்புளப் புள்ள தங்காது போல டீச்சர்" என்று மாமியார் என்னிடமே சொன்னார். கட்டிலில் கிடந்த தாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். விஞ்ஞானம் படிப்பிக்கிற நான் அந்த இடத்தில் வாய் திறக்கவில்லை. அன்று பேசாததை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

பிள்ளை ஆணா பெண்ணா என்பதை எது தீர்மானிக்கிறது? தாய் சாப்பிட்ட சாப்பாடு, உடம்புச் சூடு என்று பல நூற்றாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1900ஆம் ஆண்டளவில்கூட விஞ்ஞானிகள் சிலர் அப்படித்தான் நம்பினார்கள்.

1891இல் ஜேர்மனியரான ஹெர்மன் ஹென்கிங் ஒரு பூச்சியின் விந்துக் கலங்களில் பாதியில் மட்டும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். என்னவென்று புரியாததால் 'எக்ஸ்' என்று குறித்து வைத்தார். எக்ஸ் நிறமூர்த்தத்தின் பெயர் அங்கிருந்துதான் வந்தது.

விடையைக் கண்டவர் ஒரு பெண். அதிலும் எங்களைப் போல ஒரு பாடசாலை ஆசிரியை. அமெரிக்காவின் நெட்டி ஸ்டீவன்ஸ் 35 வயதில்தான் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தார். 1905இல் மாவுப் புழு வண்டின் கலங்களை நுணுக்குக்காட்டியில் எண்ணிப் பார்த்தார். பெண்ணில் 20 பெரிய நிறமூர்த்தங்கள். ஆணில் 19 பெரியவை, ஒன்று மட்டும் மிகச் சிறியது. அந்தச் சிறியதைக் கொண்ட விந்திலிருந்து ஆண் வருகிறது என்று எழுதினார். அதைத்தான் இன்று வை நிறமூர்த்தம் என்கிறோம். 1912இல் புற்றுநோயால் இறந்தார். பெயரும் புகழும் பெரும்பாலும் மற்றவர்களுக்கே போனது.

மனிதரிலும் இதே கணக்குத்தான். தாயிடம் இரண்டு எக்ஸ். அவளது முட்டை ஒவ்வொன்றிலும் எக்ஸ் மட்டுமே இருக்கும், கொடுக்க வேறொன்றும் அவளிடம் இல்லை. தகப்பனிடம் ஒரு எக்ஸ், ஒரு வை. எது போய்ச் சேர்கிறதோ அதன்படி பிள்ளை.

சரி, வை ஏன் இவ்வளவு சிறியது? எக்ஸில் ஏறத்தாழ 155 மில்லியன் டீ.என்.ஏ எழுத்துகள். 2023இல் முழுதாக வாசித்து முடித்த வையில் சுமார் 62 மில்லியன்தான். ஆனால் இரண்டும் ஒரு காலத்தில் சமமான சோடி. ஏறத்தாழ 180 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் முலையூட்டிகளின் மூதாதையில், சோடியில் ஒன்றுக்கு ஆணைத் தீர்மானிக்கும் பரம்பரையலகு அமைந்தது. 1990இல் லண்டனில் கண்டுபிடித்த எஸ்.ஆர்.வை அதுதான். அதன் பிறகு இரண்டும் படிப்படியாகப் பகுதிகளைப் பரிமாறிக்கொள்வதை நிறுத்தின.

எங்கட ஊருக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், ஒரே மாதிரி இரண்டு வலை இருந்தால் ஒன்றின் கிழிசலை மற்றதைப் பார்த்துப் பொத்தலாம். எக்ஸுக்குப் பெண்ணின் உடலில் அந்தச் சோடி உண்டு. வைக்குச் சோடியே இல்லை. கிழிந்தது கிழிந்ததுதான். பழைய பரம்பரையலகுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் கழன்று போயின.

"அப்ப ஆண் இனம் அழியப் போகுதாம்" என்று வட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். மனிதனின் வையையும் ரீசஸ் குரங்கின் வையையும் ஒப்பிட்ட 2012ஆம் ஆண்டு ஆய்வின்படி, கடந்த 25 மில்லியன் ஆண்டுகளில் மனித வை இழந்த பழைய பரம்பரையலகு ஒன்றே ஒன்றுதான்.

இந்தப் பழைய கதைக்குச் சாட்சி சொன்னவை பாம்புகள். பெரும்பாலான பாம்புகளிலும் கோழியிலும் கணக்குத் தலைகீழ். ஆணுக்கு இசட் இரண்டு, பெண்ணுக்கு இசட் ஒன்றும் டபிள்யூ ஒன்றும். 1967இல் சுசுமு ஓனோ தன் நூலில் ஒரு வரிசையைக் காட்டினார். மலைப்பாம்பு வகையில் பாலைத் தீர்மானிக்கும் சோடி பார்க்க ஒன்றுபோல இருக்கும். சாரை போன்றவற்றில் வேறுபாடு தொடங்கியிருக்கும். கண்ணாடி விரியன் போன்றவற்றில் பருமனே மாறிவிடும். வைக்கு நடந்ததன் படிகளை உயிரோடு இருக்கும் பாம்புகளிலேயே பார்க்கலாம்.

இதை ஆழமாகத் தோண்டியவர் இந்தியாவின் உத்தரப் பிரதேசக் கிராமமொன்றில் பிறந்த லால்ஜி சிங். பனாரஸில் பாம்பு நிறமூர்த்தங்களைப் படித்து, பின் எடின்பரோவில் ஆராய்ந்தார். திரும்பத் திரும்ப வரும் டீ.என்.ஏ துண்டுகள் டபிள்யூவில் குவிந்திருப்பதை 1976இலும் 1980இலும் அவரது குழு எழுதியது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட நச்சுப் பாம்பொன்றிலிருந்து பிரித்தெடுத்த துண்டைக் கொண்டு, பிறகு ஹைதராபாத்தில் டீ.என்.ஏ கைரேகை முறையை உருவாக்கினார். அந்த முறை கேரளாவின் தலச்சேரியில் ஒரு தந்தைமை வழக்குக்குப் போனது. பிள்ளை தன்னுடையதல்ல என்று ஆண் மறுத்தான். டீ.என்.ஏ தாயின் பக்கம் சாட்சி சொன்னது.

கூர்ப்பு என்றதும் சிலருக்கு முகம் சுளிக்கும். படைத்தவன் எப்படிப் படைத்திருக்கிறான் என்று தேடுவதை ஈமானுக்கு எதிராக நான் பார்க்கவில்லை. ஆணையும் பெண்ணையும் தான் நாடியவாறு கொடுப்பவன் அவன் என்று நம்புகிறோம். பிறகு எந்தத் துணிவில் மருமகளைக் குற்றம் சொல்கிறோம்? ஆம்புளப் புள்ளைக்காக மறு கலியாணம் பேசுகிறோம்? தகப்பனையும் குற்றம் சொல்ல முடியாது. எந்த விந்து முந்தும் என்று அவனுக்கும் தெரியாது.

எங்கட பெண்கள் கோழியாகப் பிறந்திருந்தால் மாமிமாரின் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும். மனிதராகப் பிறந்திருக்கிறார்கள்.

நாளை அசருக்குப் பிறகு மறுபடியும் அந்த வீட்டுக்குப் போகிறேன், இன்ஷா அல்லாஹ். மாமியின் பக்கத்தில் உட்கார்ந்து, முற்றத்தில் மேயும் கோழியிலிருந்தே கதையைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். அந்தத் தாய்க்கும் மூன்று பெண்மக்களுக்கும் துஆச் செய்யுங்கள்.