பானையும் பெட்டியும் கொஞ்சம் கணக்கும்

கனநாளா ஒண்டும் எழுதேல்லை. சோதினை முடிஞ்ச கையோட, வெக்ஸ்போர்ட்டில நான் இருக்கிற பேஸ்மென்டில ஒரு சப்வூஃபர் பெட்டி அடிக்கத் தொடங்கினன். அது பிழைச்சுப் போச்சு. எங்க பிழையெண்டு தேடப்போய்க் கொஞ்சம் வரலாறு படிச்சன். அதைத்தான் இங்க எழுதுறன்.

ஸ்பீக்கருக்கு ஏன் பெட்டி? கூம்பு முன்னுக்குத் தள்ளேக்க பின்னால காத்து இழுபடும். பெட்டி இல்லாட்டி முன்பக்க அலையும் பின்பக்க அலையும் சுத்திவந்து ஒண்டையொண்டு அழிச்சுப்போடும். முதல்ல காணாமப் போறது அடிச்சத்தம்தான். 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் செஸ்டர் றைஸ், எட்வர்ட் கெலொக் இருவரும் இண்டைய ஸ்பீக்கரின் மூதாதையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டபோதே இந்தச் சிக்கல் தெரிஞ்சிருந்தது. 1932இல் பெல் ஆய்வுகூடத்து அல்பேர்ட் தூராஸ், பெட்டியில குழாய் வைச்சுப் பின்பக்க அலையையும் பயன்படுத்தலாமெண்டு காப்புரிமை பெற்றார். 1954இல் எட்கர் வில்ச்சர் அதுக்கு நேரெதிர்: பெட்டியை இறுக்கி மூடி, உள்ளிருக்கிற காத்தையே ஸ்பிரிங்காக்கினார்.

சரி, பெட்டி எத்தினை லீற்றர்? குழாய் எவ்வளவு நீளம்? பெரும்பாலும் வெட்டிப்பார், கேட்டுப்பார், திரும்ப வெட்டு எண்ட கதைதான். 1961இல் நெவில் தீல் எண்ட ஆஸ்திரேலியப் பொறியியலாளர், குழாய் வைச்ச பெட்டியும் ஸ்பீக்கரும் சேர்ந்து ஒரு மின்வடிகட்டி மாதிரி நடக்குது, ஆகவே வடிகட்டிக்குரிய கணக்கையே இதுக்கும் போடலாமெண்டு எழுதினார். ஆஸ்திரேலியச் சஞ்சிகையில வந்ததால வெளியுலகம் பெரிசாக் கவனிக்கேல்லை. பத்து வருசம் கழிச்சு, 1971இல்தான் அமெரிக்க ஓடியோ பொறியியல் சங்கத்தின்ர சஞ்சிகை அதை மறுபதிப்புச் செய்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில ரிச்சர்ட் ஸ்மோல் அதை விரிச்சு 1972, 1973இல் கட்டுரைகள் எழுதினார். இண்டைக்கு ஸ்பீக்கரோட வாற தாளில இருக்கிற இலக்கங்கள் இவை இரண்டுபேரின்ர பேரிலதான்: கூம்பு தானா அதிர விரும்புற சுருதி, அது எவ்வளவு கெதியா அடங்கும், அதின்ர இளக்கம் எத்தினை லீற்றர் காத்துக்குச் சமன்.

இவ்வளவும் கையில இருந்தும் நான் பிழைவிட்டது கூட்டல் பெருக்கலில! எனக்குத் தேவை 45 லீற்றர், 30 ஹேர்ட்ஸ். பதினாலு அங்குலச் சதுரப் பெட்டி சரியா 45 லீற்றர் எண்டு பலகை வெட்டினன். ஆனா அது வெளியளவு. பலகை முக்கால் அங்குலத் தடிப்பு, இரண்டு பக்கமும் கழிச்சால் உள்ளுக்குப் பன்னிரண்டரை. 32 லீற்றர்தான்! ஸ்பீக்கரின்ர முதுகும் குழாயும் பிடிக்கிற இடம் ஒரு நாலு லீற்றர். மிச்சம் 28. குழாய் அதே நீளம் எண்டதால சுருதி 30இல் இருந்து 38க்கு ஏறிட்டுது. என்ன பாட்டுப் போட்டாலும் ஒரே பூம் பூம். மேல்வீட்டு அன்ரி இறங்கி வந்து, "தம்பி, என்ன மேளம் பழகிறியளோ?" எண்டு கேட்டா.

இதை யாழ்ப்பாணத்தில இருக்கிற மாமாவுக்கு ஃபோனில சொல்ல அவர் சிரிச்சார். தொண்ணூறுகளில குடாநாட்டில கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் றேடியோ கேட்டவை. மாமா ஒரு பழைய ஸ்பீக்கரை மண்பானை வாயில கவிழ்த்து வைச்சவராம். சந்தையில பானையெல்லாத்தின்ர வாயிலயும் ஊதிப்பாத்து, தடிச்ச சுருதி வாறதைத்தான் வாங்கினவராம். பெரிய வயிறு எண்டால் சுருதி இறங்கும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் புத்தகமா எழுதினதை மாமா காதால கண்டுபிடிச்சிருக்கிறார். மூடின பானை, உள்ளுக்குக் காத்து ஸ்பிரிங்: வில்ச்சரின்ர பெட்டியேதான்.

மாமா அப்ப ஏ.எல். கணிதம் படிச்சுக்கொண்டிருந்தவர். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில பானையையும் விட்டு, படிப்பையும் விட்டு நடந்தவர். சோதினை எடுக்கவேயில்லை. "உனக்குக் கணக்கு இருக்கு, எனக்குப் பானை இருந்தது" எண்டு சொல்லிப்போட்டு, "திரும்ப வெட்டேக்க உள்ளளவை எனக்கு ஒருக்கா அனுப்பு, பாத்துத்தாறன்" எண்டார்.

புதுப் பலகை வாங்கியாச்சு. இன்னும் வெட்டேல்லை. உள்ளளவு இப்ப மாமாவின்ர கையில.