கொல்கத்தா வேளாண் வணிக வரலாற்றில் பயிற்சி, சங்கம், விலைச்செய்தி

முன்னுரை

வேளாண் வணிகத்தில் ஈடுபடுவோர்க்கு இன்றியமையாத தேவைகள் மூன்று. பயிர்த்தொழிலின் புதிய முறைகளைக் கற்பிக்கும் பயிற்சி ஒன்று. அத்தொழிலில் உள்ளோர் ஒருவரையொருவர் அறிந்து கலந்துபேசுவதற்குரிய சங்கம் மற்றொன்று. விளைபொருளின் சந்தை நிலையை உடனுக்குடன் அறிவிக்கும் விலைச்செய்தி மூன்றாவது. இம்மூன்றும் இக்காலத்தில் தோன்றியவை போலக் காணப்படினும், இந்தியாவில் இவற்றுக்கு இருநூறு ஆண்டுக்கால வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் தொடக்கக் களம் கொல்கத்தா நகரமாகும். 2001ஆம் ஆண்டு வரை கல்கத்தா என்றே அலுவல்முறையில் வழங்கிய அந்நகரில், 1820 முதல் இம்மூன்று தேவைகளும் எவ்வாறு நிறைவுசெய்யப்பட்டன என்பதையும், அவற்றின் பயன் யாரைச் சென்றடைந்தது, யாரைச் சென்றடையவில்லை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வேளாண் தோட்டக்கலைக் கழகத்தின் தோற்றம்

கொல்கத்தாவை அடுத்துள்ள சிப்பூரில் 1787இல் இராபர்ட் கிட் என்பவரின் முயற்சியால் கும்பினியாரின் தாவரத் தோட்டம் அமைக்கப்பட்டது. வணிகத்திற்கு உதவும் பயிர்களை இறக்குமதி செய்து வளர்த்துப் பார்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. சென்னை மாகாணத்தில் பணியாற்றிப் பின்னர் 1793இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற வில்லியம் ராக்ஸ்பர்க், இந்தியத் தாவரங்களை முறைப்படி விவரித்தவர்களுள் முதன்மையானவர். எனினும் அத்தோட்டம் அரசின் நிறுவனமாகவே இருந்தது. பயிரிடுவோரும் வணிகரும் உறுப்பினராகச் சேரக்கூடிய அமைப்பு அதுவன்று.

அக்குறையை நீக்கியவர் வில்லியம் கேரி (1761–1834). செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து சமயப் பணிக்கு வந்த கேரி, 1793இல் வங்காளத்தை அடைந்தார். வருவாய்க்காக முதனாபதி என்னும் ஊரில் அவுரித் தொழிற்சாலை ஒன்றின் மேலாளராகச் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். வங்காள உழவரின் வாழ்வையும் கருவிகளையும் பயிர்முறைகளையும் அவர் நேரில் அறிந்தது அக்காலத்தில்தான். 1800இல் அவர் சிராம்பூரில் குடியேறினார். 1801 முதல் கோட்டை வில்லியம் கல்லூரியில் வங்காளமும் பின்னர் வடமொழியும் கற்பித்தார். ராக்ஸ்பர்க்கின் தாவர நூல்களைப் பதிப்பித்து வெளியிட்டவரும் அவரே. மொழி, அச்சு, பயிர் ஆகிய மூன்றிலும் பயிற்சி பெற்ற ஒருவரே இக்கழகத்தைத் தோற்றுவித்தார் என்பது கருதத்தக்கது.

1820 ஏப்ரலில் கேரி ஒரு வேண்டுகோள் அறிக்கையை வெளியிட்டார். அதன் பயனாக அவ்வாண்டு செப்டம்பர் 14ஆம் நாள் இந்திய வேளாண் தோட்டக்கலைக் கழகம் உருவாயிற்று. புதிய பயிர்களை அறிமுகப்படுத்துதல், உழவுக் கருவிகளையும் கால்நடைகளையும் மேம்படுத்துதல், தரிசு நிலங்களைப் பயிருக்குக் கொண்டுவருதல் ஆகியன அதன் குறிக்கோள்கள். இங்கிலாந்தின் அரச வேளாண் கழகம் 1838இல்தான் தோன்றியது என்பதனை எண்ணினால், கொல்கத்தாக் கழகத்தின் முன்னோடித் தன்மை விளங்கும். சென்னையில் இதையொத்த கழகம் 1835இல் நிறுவப்பட்டது.

கழகத்தின் செயல்முறை

கழகம் மேற்கொண்ட பணிகளை மூன்றாக வகைப்படுத்தலாம். உறுப்பினர்க்கு விதைகளும் நாற்றுகளும் வழங்கியது முதலாவது. அயல்நாட்டுப் பருத்தி, கரும்பு, காய்கறி வகைகள் இவ்வாறு நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்றன. காய்கறிக் கண்காட்சிகள் நடத்தித் தோட்டக்காரர்களுக்குப் பரிசளித்தது இரண்டாவது. எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளரும் தம் கைத்திறனால் பங்குபெறக்கூடிய ஒரே வாயில் இதுவாக இருந்தது. கூட்டங்களில் படிக்கப்பட்ட கட்டுரைகளையும் உறுப்பினர் கடிதங்களையும் தொகுத்து நடவடிக்கைத் தொகுதிகளாகவும், 1840கள் முதல் பருவ இதழாகவும் அச்சிட்டது மூன்றாவது. அசாமிலோ பீகாரிலோ தனித்து வாழ்ந்த ஒரு தோட்டத் துரை, தாம் செய்து பார்த்த சோதனையைக் கடிதமாக எழுதுவார். கூட்டத்தில் அது படிக்கப்படும், அச்சேறும், பிறிதொரு மாவட்டத்தில் உள்ளவர் அதனைப் படித்து மறுமொழி எழுதுவார். பயிற்சி, தொடர்பு, செய்தி என்னும் மூன்றும் ஒரே இதழின் வழியே நிகழ்ந்தன எனலாம்.

இந்தியர்க்கும் கழகத்தில் இடம் இருந்தது. இராதாகாந்த தேவ், ராம்கமல் சென் போன்ற வங்காளப் பெருமக்கள் அதில் பங்குபெற்றனர். ஆயின் அவர்கள் நிலக்கிழார்களும் நகரச் செல்வர்களுமே. கழகத்தின் மொழி ஆங்கிலம். நிலத்தை உழுதவன் அறிந்திருந்த மொழி வங்காளம். இவ்விடைவெளியே பின்வரும் நிகழ்வுகளுக்கு அடிப்படையாய் அமைந்தது.

அவுரி: செய்தி எட்டாத உழவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கொல்கத்தாவின் தலையாய வேளாண் வணிகப் பொருள் அவுரிச் சாயம். அதன் விலையை உறுதிசெய்தது பெரிதும் இலண்டன் சந்தை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவந்த பாய்மரக் கப்பல்கள் கொணர்ந்த கடிதங்களுக்காக வணிகர் மாதக்கணக்கில் காத்திருந்தனர். செய்தி தாமதமாயினும் வணிகரையும் தோட்டத் துரைமாரையும் அது வந்தடைந்தது. உழவனை வந்தடைந்ததோ 'தாதன்' எனப்பட்ட முன்பணம் மட்டுமே. முன்பணம் பெற்று ஒப்பந்தத்தில் கைந்நாட்டு இட்டவன், தன் நல்ல நிலத்தில் அவுரி விதைக்கக் கடமைப்பட்டான். விளைந்த அவுரிக்கு உரிய கணக்கைத் தொழிற்சாலையே எழுதியது. கணக்கு முடியாமல் கடன் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. 1850களில் நெல் முதலியவற்றின் விலை உயர்ந்தபோதும் அவுரிக்குக் கொடுக்கப்பட்ட தொகை அதற்கேற்ப உயரவில்லை. உழவன் சந்தை விலை அறிந்தது நெல்லில், அறியாதது அவுரியில். இரண்டையும் ஒப்பிட்டபோது அவன் விதைக்க மறுத்தான்.

1859இல் நதியா, ஜெசூர் முதலிய மாவட்டங்களில் அவுரிக் கிளர்ச்சி எழுந்தது. அடுத்த ஆண்டு அவுரி ஆணையம் அமைக்கப்பட்டு, உழவர்களின் வாக்குமூலங்களைக் கேட்டது. 'இந்து பேட்ரியட்' இதழின் ஆசிரியர் ஹரிஷ் சந்திர முகர்ஜி, மாவட்டங்களிலிருந்து வந்த செய்திகளை இடைவிடாது வெளியிட்டார். தீனபந்து மித்ரா 1860இல் 'நீல் தர்பண்' நாடகத்தை வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டமைக்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லாங் 1861இல் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய்த் தண்டமும் பெற்றார். அத்தண்டத்தைக் காளிபிரசன்ன சிங்கர் செலுத்தினார்.

இந்நிகழ்வுகளில் செய்தி எதிர்த்திசையில் பாய்ந்ததைக் காணலாம். அதுவரை நகரத்திலிருந்து தோட்டத்திற்குச் சென்ற செய்தி, இப்போது வயலிலிருந்து நகரத்திற்கு வந்தது. வேளாண் வணிகத்தின் செய்தியமைப்பு உழவனை ஒதுக்கியதனால், அவனுடைய செய்தி இதழ், நாடகம், வாக்குமூலம் ஆகிய வேறு வடிவங்களை நாடியது.

வங்காள மொழியில் வேளாண் நூல்கள்

இவ்விடைவெளியை மொழியின் வழியே குறைக்க முயன்றவர்களுள் பியாரி சந்த் மித்ரா (1814–1883) குறிப்பிடத்தக்கவர். 'ஆலாலேர் கரேர் துலால்' என்னும் புதினத்தால் வங்காள இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றவர் அவர். வணிகராகவும் கல்கத்தா பொது நூலகத்தின் நூலகராகவும் விளங்கிய அவர், வேளாண் தோட்டக்கலைக் கழகத்தின் பணிகளிலும் ஈடுபட்டார். 1846இல் நிலக்கிழாருக்கும் குடியானவருக்கும் இடையிலான உறவு குறித்து ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையில், குடியானவர் படும் இன்னல்களைச் சுட்டிக்காட்டினார். 1854இல் ராதாநாத் சிக்தாருடன் இணைந்து, பேச்சுவழக்கை ஒட்டிய எளிய நடையில் 'மாசிக் பத்ரிகா' என்னும் இதழை நடத்தினார். 1861இல் 'கிருஷி பாட்' என்னும் வேளாண் நூலை வங்காளத்தில் வெளியிட்டார்.

எளிய உரைநடையை உருவாக்கிய ஒருவரே வேளாண் நூலும் எழுதினார் என்பது தற்செயலான நிகழ்வன்று. கற்றோர்க்கே விளங்கிய வடமொழி கலந்த நடையில் விதைப்பையும் உரமிடுதலையும் கற்பிக்க இயலாது என்பதை அவர் உணர்ந்திருத்தல் வேண்டும். பயிற்சிக்கு மொழிநடையே முதற்கருவி என்பதற்கு அவருடைய பணி சான்றாகும். எனினும் கல்வியறிவு பரவாத அக்காலத்தில் இந்நூல்களின் பயனும் சிற்றூரின் படித்த சிலரோடு நின்றது எனக் கருதலாம்.

தேயிலை ஏலமும் சங்கங்களும்

1861 டிசம்பர் 27ஆம் நாள் கொல்கத்தாவில் தேயிலையின் முதல் பொது ஏலம் நடைபெற்றது. அதுவரை இந்தியத் தேயிலை இலண்டனுக்குச் சென்று ஏலம் போயிற்று. 1851இல் தொடங்கி அவுரி விற்பனையில் ஈடுபட்டிருந்த தாமஸ் நிறுவனம் இம்மாற்றத்தில் முன்னின்றது. செயற்கை அவுரி 1897இல் ஜெர்மனியிலிருந்து சந்தைக்கு வந்தபின் இயற்கை அவுரி வணிகம் தளர்ந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலை ஏலம் நடைபெற்ற மாளிகை இன்றும் 'நீலச் சந்தை' எனப் பொருள்படும் 'நீல்ஹாட்' என்னும் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஏலம் விற்பனை முறை மட்டுமன்று. அது ஒரு செய்தியமைப்புமாகும். தோட்டத்திலிருந்து வரும் தேயிலையின் மாதிரிகளைத் தரகர் சுவைத்துத் தரம் பிரிப்பர், மதிப்பு குறிப்பர், பட்டியல் அச்சிட்டு வாங்குவோர்க்கு அனுப்புவர். ஏலம் முடிந்தபின் விலை நிலவர அறிக்கை வெளிவரும். தோட்ட மேலாளர் தம் தேயிலையின் குறை நிறைகளை அறிந்து, இலை பறிப்பதிலும் பதப்படுத்துவதிலும் திருத்தம் செய்வதற்கு இவ்வறிக்கையே வழிகாட்டியது. சந்தைச் செய்தி இவ்வாறு தொழிற்பயிற்சியாகவும் மாறியது. 1870இல் கடலடித் தந்தி இலண்டனோடு இணைந்தபின் இச்செய்தியின் வேகம் பன்மடங்காயிற்று. 1888இல் தொடங்கிய 'கேபிடல்' வார இதழ் நகரின் வணிகச் செய்திகளைத் தொகுத்தளித்தது.

1881இல் கொல்கத்தாவில் இந்தியத் தேயிலைச் சங்கம் நிறுவப்பட்டது. 1900இல் அச்சங்கம் ஹெரால்டு மான் என்னும் அறிவியலாளரை அமர்த்தியது. அதன் தொடர்ச்சியாக 1911இல் அசாமின் தோக்லாயில் ஆய்வு நிலையம் அமைந்தது. ஆனால் இச்சங்கம் பெரும்பாலும் ஆங்கிலேய நிறுவனங்களின் கூட்டமைப்பாகவே இயங்கியது. 1879இல் வங்காள வழக்கறிஞர்கள் முதலியோர் தொடங்கிய ஜல்பாய்குரி தேயிலைக் கும்பினியைப் பின்பற்றி இந்தியர் தோட்டங்கள் பெருகின. அவர்கள் 1915இல் ஜல்பாய்குரியில் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். செய்தி வட்டத்தின் விளிம்பில் நின்றோர் தமக்குரிய வட்டத்தைத் தாமே அமைத்துக்கொண்டனர் என்பதற்கு இது சான்றாகும்.

தமிழகத்தோடு ஒப்பீடு

தென்னிந்தியாவிலும் இதே வளர்ச்சி நிலைகள் காணப்படுகின்றன. 1893இல் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம் தோன்றியது. 1906இல் சைதாப்பேட்டை வேளாண் கல்லூரி கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. தேயிலை ஏல மையம் 1947இல் கொச்சியிலும் 1963இல் குன்னூரிலும் அமைந்தது.

ஆயின் உழவரைச் சென்றடைந்த செய்திக்குத் தமிழகம் ஒரு தெளிவான சான்றினை அளிக்கிறது. 1960களின் பிற்பகுதியில் தஞ்சை உழவர்கள் ஆடுதுறை 27 என்னும் நெல் வகையை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். வானொலியின் பண்ணை ஒலிபரப்பின் வழியே அவ்வகையை அவர்கள் அறிந்தமையே அப்பெயருக்குக் காரணம். எழுத்தறிவு தடையாகாத ஊடகமும், உழவரின் சொந்த மொழியும் ஒன்றுசேர்ந்தபோது, பயிற்சி ஒரு நெல்லின் பெயராகவே நிலைத்தது. கொல்கத்தாக் கழகத்தின் ஆங்கில இதழால் இயலாதது இது.

இன்றைய நிலை

2008-09 காலத்தில் கொல்கத்தாவின் குரல்வழித் தேயிலை ஏலம் மின்னணு ஏலமாக மாறியது. இன்று இந்தியத் தேயிலை விளைச்சலில் பாதிக்கு மேல் சிறு விவசாயிகளிடமிருந்து வருகிறது. அவர்களிற் பலர் ஏலத்தில் நேரே பங்குபெறுவதில்லை. பச்சை இலையை ஆலைகளுக்கு விற்கின்றனர். ஏலத்தில் கிடைக்கும் சராசரி விலையோடு பச்சை இலையின் விலையை இணைக்கும் பகிர்வு முறையை வாரியம் வகுத்துள்ளது. அம்முறை நேர்மையாக நடைபெறுகிறதா என்பதை விவசாயி அறிய வேண்டுமெனின், ஏல விலை அவருக்கு அவர் மொழியில் தெரிதல் வேண்டும். 1859இல் அவுரி உழவன் எழுப்பிய வினாவின் மறுவடிவமே இது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

பயிற்சி, சங்கம், விலைச்செய்தி ஆகிய மூன்றையும் ஓரிடத்தில் ஒருங்கிணைத்த வேளாண் வணிக அமைப்பு 1820 முதலே கொல்கத்தாவில் உருப்பெற்றது.

அவ்வமைப்பின் பயன் அதன் மொழியை அறிந்தோர்க்கும் அதன் கூட்டத்தில் இடம்பெற்றோர்க்கும் மட்டுமே கிட்டியது. ஒதுக்கப்பட்ட உழவர் கிளர்ச்சியாலும், இந்தியத் தோட்ட உரிமையாளர் தனிச் சங்கத்தாலும் அதற்கு விடை கண்டனர்.

செயற்கைச் சாயம் தோன்றுவதற்கு முன்னரே வங்காள அவுரித் தொழிலின் அடித்தளம் ஆட்டங்கண்டது. விளைவிப்பவர்க்கு விலையை மறைத்த ஒரு வணிகம், அவ்விளைவிப்பவரின் ஒத்துழைப்பை இழந்தமையே அதற்குக் காரணம்.

பியாரி சந்த் மித்ராவின் எளிய நடையும் தஞ்சையின் ரேடியோ நெல்லும் தாய்மொழியின் வழியே வேளாண் அறிவு பரவும் ஆற்றலைக் காட்டுகின்றன. ஆகவே வேளாண் வணிக வரலாற்றை எழுதுவோர், விளைச்சலையும் விலையையும் போலவே மொழியையும் ஒரு காரணியாகக் கொள்ளுதல் தகும்.